ராம் காலியாக இருந்தும் ‘நினைவகம் ஒதுக்க முடியவில்லை’ என்று ஏன் வருகிறது?

கேள்வி: எங்கிருந்தோ வந்த ஒரு புரோகிராமை லினக்ஸில் தனியாக அடைத்து ஓட்டிப் பார்க்க நினைத்தேன். ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) இருந்து, புரோகிராமைத் தனிச் சூழலில் ஓட்டும் அன்ஷேர் (unshare) கட்டளைக்கு, ஓடும் புரோகிராம்களின் (ப்ராசஸ்களின்) எண்களைப் பிரிக்கும் பிஐடி தேர்வை மட்டும் கொடுத்து, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஒரு ஷெல்லைத் திறந்தேன். உள்ளே ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் (ps) கட்டளையைப் போட்டால் வெளியே ஓடும் எல்லா ப்ராசஸும் தெரிகின்றன. அடுத்த கட்டளையிலேயே நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று பிழை வருகிறது. ராம் பாதிக்கு மேல் காலி. எங்கே பிசகு?

பதில்: ராமை விட்டுவிடுங்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் எண்ணை, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் நடுவில் மாற்றாது. அதனால் அன்ஷேர் புதிய பிஐடி நேம்ஸ்பேஸை (தனக்கென ப்ராசஸ் எண்கள் கொண்ட தனி அறையை) கேட்டாலும், கேட்ட ப்ராசஸ் பழைய இடத்திலேயே இருக்கும். அதற்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள், அதாவது அது தொடங்கும் ப்ராசஸ்கள்தான் புதியதற்குள் போகும். உங்கள் ஷெல் வெளியே நிற்கிறது. நீங்கள் முதலில் போட்ட பிஎஸ் உள்ளே போய், 1 என்ற எண்ணைப் பெற்று, வேலை முடிந்ததும் இறந்துவிட்டது. 1-ஆம் எண் இறந்தால் அந்த நேம்ஸ்பேஸின் கதையும் முடிந்தது. உள்ளே யாராவது இருந்தால் கெர்னலே கொன்றுவிடும், புதிதாக யாரையும் சேர்க்காது. அதைச் சொல்லத்தான் நினைவகப் பிழைக்கான எண்ணைத் திருப்பித் தருகிறது. இவ்வளவு குழப்பமான பிழைச் செய்தி லினக்ஸில் அபூர்வம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய் சொல்லக்கூடாது.

ஃபோர்க் தேர்வையும் சேர்த்துக் கொடுங்கள். அப்போது அன்ஷேர் ஒரு பிள்ளையைப் பெற்று, அதில் ஷெல்லை ஓட்டும். ஷெல்லே 1-ஆம் எண்ணாகி, நீங்கள் வெளியேறும்வரை உயிரோடு இருக்கும்.

எல்லா ப்ராசஸும் தெரிவது வேறு விஷயம். பிஎஸ் தன் பட்டியலை ப்ராக் (/proc) கோப்பகத்திலிருந்துதான் படிக்கிறது. அங்கே மவுண்ட் ஆகியிருப்பது (ஏற்றப்பட்டிருப்பது) இன்னும் வெளி நேம்ஸ்பேஸின் ப்ராக். மவுண்ட்-ப்ராக் தேர்வைக் கொடுத்தால், தனி மவுண்ட் நேம்ஸ்பேஸ் ஒன்றை உருவாக்கி, அதில் புதிய ப்ராக்கை ஏற்றிவிடும். இதைக் கையால் செய்ய வேண்டாம். சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் புரோகிராம்) உள்ள கணினிகளில் மவுண்ட்கள் பொதுவாகப் பகிரப்பட்ட நிலையில் இருக்கும், அதாவது ஒரு நேம்ஸ்பேஸில் ஏற்றியது மற்றதிலும் பரவும். பரவலை நிறுத்தாமல் ஏற்றினால் அது வெளிக் கணினியிலும் போய் உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று: 1-ஆம் எண்ணாக ஓடும் புரோகிராம் ஒரு சிக்னலுக்கு (ப்ராசஸுக்கு அனுப்பும் அறிவிப்புக்கு) கையாளி, அதாவது அது வந்தால் ஓடும் நிரல்பகுதி வைக்கவில்லை என்றால், கெர்னல் அந்தச் சிக்னலைச் சேர்ப்பதே இல்லை. கன்ட்ரோல்-சி அடித்தும் நிற்காவிட்டால் பயப்பட வேண்டாம், வெளியிலிருந்து சிக்கில் (SIGKILL, கட்டாயமாகக் கொல்லும் சிக்னல்) அனுப்பினால் நின்றுவிடும்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு அதிகம் உறுத்தும் விஷயம். பிஐடி நேம்ஸ்பேஸ், உள்ளே இருப்பவர் எந்த ப்ராசஸ்களைப் பார்க்கலாம் என்பதை மட்டும்தான் மாற்றுகிறது. நீங்கள் ஓட்டுவது ரூட்டாக. அந்தப் புரோகிராம் உங்கள் கோப்புகளை அழிக்கலாம், நெட்வொர்க்கில் பேசலாம், வட்டைக்கூட மவுண்ட் செய்யலாம். எதுவும் தடுக்காது.

முதலில் ரூட்டை விட்டு இறங்குங்கள். 2013-இல் வந்த கெர்னல் 3.8 முதல், சாதாரணப் பயனரே யூசர் நேம்ஸ்பேஸ் (பயனர் அதிகாரங்களைத் தனியாகப் பிரிப்பது) உருவாக்கலாம். அன்ஷேரில் மேப்-ரூட்-யூசர் தேர்வைக் கொடுத்தால் உள்ளே ரூட், வெளியே அதே பழைய நீங்கள். உபுண்டு 24.04-இல் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு இதை இயல்பாகவே கட்டுப்படுத்துகிறது, அங்கே அனுமதி மறுக்கப்பட்டால் காரணம் அதுதான். இதிலும் உங்கள் சொந்தக் கோப்புகள் திறந்தேதான் கிடக்கும் என்பதை மறக்காதீர்கள்.

அதனால் உங்கள் வேலைக்கு அன்ஷேரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பபுள்ராப் என்ற அடைப்புக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள், செயலிகளை நிறுவி ஓட்டும் ஃபிளாட்பேக் பயன்படுத்துவதும் அதைத்தான். நீங்கள் பெயர் சொன்ன கோப்பகங்கள் மட்டுமே உள்ளே தெரியும். நூலகங்களை வாசிக்க மட்டும் கொடுத்து, வீட்டுக் கோப்பகத்தைக் கொடுக்காமல், அன்ஷேர்-ஆல் தேர்வோடு ஓட்டினால் நெட்வொர்க்கும் போய்விடும். ராமை அது மொத்தமாக விழுங்காமலிருக்க சிகுரூப் (ப்ராசஸ் குழு எவ்வளவு வளம் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தும் கெர்னல் வசதி) வரம்பு தனியாக வைக்க வேண்டும்; சிஸ்டம்டி-ரன் கட்டளையில் மெமரிமேக்ஸ் என்ற பண்பைக் கொடுத்தால் போதும். ஆனால் கெர்னல் உள்ளேயும் வெளியேயும் ஒன்றேதான். அதன் ஓட்டையைத் தேடி எழுதப்பட்ட புரோகிராமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், மெய்நிகர் கணினியில் ஓட்டுங்கள்.