ஆய்விலிருந்து சிகிச்சைக்கு: கேள்வி பதில்

கோவை வாசகர்: உளவியலில் பிஎச்.டி. முடிக்கப் போகிறேன். அதை வைத்து நோயாளிகளைப் பார்க்கலாமா?

முடியாது. ஆய்வுப் பட்டம் வேறு, சிகிச்சைக்கான தகுதி வேறு. 2017 மனநலச் சட்டப்படி கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) அங்கீகரித்த பயிற்சி வேண்டும். நானும் ஆய்விலிருந்து வந்தவள்தான். நினைவாற்றல் சோதனை எத்தனையோ பேருக்குக் கொடுத்திருந்தேன். வார்டில் முதல் வாரம் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள பழையபடி ஆயிருவானாம்மா?" என்று கேட்டார். வாயடைத்துப் போனேன். என் மேற்பார்வையாளர்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் பேசினார். அந்தப் பேச்சைக் கற்கத்தான் இரண்டு வருட எம்.ஃபில். பயிற்சி.

திருச்சி வாசகி: எம்.ஃபில். நிறுத்தப்படுகிறதாமே?

2022-இல் யுஜிசி நிறுத்தியது. கிளினிக்கல் சைக்காலஜிக்கு மட்டும் 2025-26 வரை விலக்கு கொடுத்தது. படிப்பின் பெயரை நம்பிச் சேராதீர்கள். கல்லூரியின் பெயர் ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

சேலம் வாசகர்: ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ போதுமா?

போதாது.

மதுரை வாசகர்: கோவாவில் மனநலப் படிப்பே இல்லாதவர்கள் மனச்சோர்வுக்குச் சிகிச்சை கொடுத்து பலன் கிடைத்ததே. எங்களைப் போன்ற ஆய்வாளர்களுக்கு மட்டும் ஏன் தடை?

நல்ல கேள்வி. அந்த ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சாதாரண ஆலோசகர்கள் ஆறிலிருந்து எட்டு அமர்வு நடத்தினார்கள். மருத்துவரின் வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இந்த ஆலோசகர்களிடம் வந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஆனால் ஆலோசகர்கள் செய்தது ஒரே ஒரு சிகிச்சை முறை. அதற்கென்றே பயிற்சி பெற்றார்கள், அமர்வுகளைக் குழுவாக உட்கார்ந்து அலசினார்கள். நீங்களோ தனியாகப் பலகை மாட்டி, வருகிற எல்லாரையும் பார்க்க நினைக்கிறீர்கள். கோவாவில் நடந்த வேலைக்கு ஆய்வாளரும் தேவைப்பட்டார், அதை மறக்காதீர்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கிப் பிரித்து, பலனை அளந்து காட்டியவர்கள் உங்களைப் போன்றவர்கள். தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015-16) பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு என்கிறது. பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. கோவாவில் இருந்தது போன்ற ஆய்வுக் குழுவில் சேருங்கள், நோயாளிகளோடு பழக்கமும் வரும்.

மதுரை வாசகர்: அப்படியானால் உரிமம் வெறும் காகிதம்தானே?

இல்லை. தற்கொலை எண்ணத்தோடு வருபவரை உடனே யாரிடம் அனுப்புவது என்று தெரியாதவர் அவர் முன்னால் உட்காரவே கூடாது.

ஈரோடு வாசகி: ஒரு வருட ஆன்லைன் சான்றிதழ் இருந்தால்?

சேலத்துக்காரருக்குச் சொன்னதுதான். மறுபடியும் சொல்கிறேன், ஆர்.சி.ஐ. பட்டியலைப் பாருங்கள்.

தஞ்சை வாசகர்: அண்ணன் மூன்று நாளாகத் தூங்கவில்லை. மாத்திரை சொல்லுங்கள்.

மாத்திரை நான் எழுத முடியாது. இன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இரவானாலும் 14416-ஐக் கூப்பிடலாம், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்.