தஞ்சாவூர் சுகோயும் விசிறி வைத்த சுகோயும்

அன்புள்ள ஐயா,

சாகச விமானங்கள் பற்றிய கட்டுரையில் 'சுகோயின் மூக்கில் சுழலும் விசிறி' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊர் விமானப்படைத் தளத்தில் சுகோய் நிற்கிறது. அது ஜெட். விசிறி எங்கிருந்து வந்தது?

செந்தில், தஞ்சாவூர்

அன்புள்ள செந்தில்,

நீங்கள் பார்ப்பது சு-30. நான் எழுதியது சாகசப் போட்டிக்கென்றே செய்த சு-26. இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்தவை. போர் விமானம் செய்கிறவர்கள் ஏன் இந்தக் குட்டி விமானத்தில் இறங்கினார்கள் என்பதுதான் சுவாரஸ்யம்.

அதுவரை சாகசப் போட்டிகளில் சோவியத் அணிக்கு, யாகொவ்லெவ் என்ற இன்னொரு பட்டறையின் யாக் விமானங்கள்தான். 1976-இல் கீவில் விக்டர் லெட்ஸ்கோ யாக்-50-இல் உலக சாம்பியன் ஆனார். ஆனால் ஓயாத முறுக்கலைத் தாங்காமல் அந்த வகையில் சில விமானங்களின் இறக்கைத் தண்டு பறக்கும்போதே முறிந்தது. இந்த இடத்தில்தான் சுகோய் வந்தது. சு-26 முதலில் பறந்தது 1984 ஜூனில். அதே ஆண்டு ஹங்கேரியில் நடந்த உலகப் போட்டிக்கே கொண்டுபோய்விட்டார்கள், அவ்வளவு அவசரம்! 1986-இல் இங்கிலாந்தில் ஆண்கள் அணிப் பரிசும், லியுபோவ் நெம்கோவாவுக்குப் பெண்கள் பட்டமும் கிடைத்தன.

எஞ்சின் ஒன்றும் புதிதல்ல. யாக்கில் ஓடிய அதே எம்-14பி: வட்டமாக ஒன்பது சிலிண்டர், 360 குதிரைத்திறன், அழுத்தக் காற்றை ஊதித்தான் கிளப்ப வேண்டும். மற்றதெல்லாம் புதிது. உடலில் பாதிக்கு மேல் கூட்டிழைப் பொருள் (இழையைப் பிசினில் தோய்த்து இறுக்கியது), சக்கரக் கால் டைட்டானியம். இறக்கையின் மேல்வளைவும் கீழ்வளைவும் ஒன்றே என்பதால் தலைகீழாகவும் அதே சுகத்தில் பறக்கும்.

விமானம் புவியீர்ப்பைப் போல 12 மடங்கு தாங்கும், எதிர்த்திசையில் 10 மடங்கு. சரி, உள்ளே இருக்கும் ஆள்? 12 மடங்கில் ஐந்து கிலோ தலை 60 கிலோ ஆகிவிடும். ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருட்டும். அதனால் இருக்கையை நன்றாகப் பின்னால் சாய்த்தார்கள். ஈசிசேரில் சாய்ந்ததுபோலப் படுத்தால் இதயத்துக்கும் தலைக்கும் உயர வித்தியாசம் குறைகிறது, ரத்தம் ஏறுவது எளிது. எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான். இரும்பைவிட மனிதன்தான் முதலில் உடைவான் என்று தெரிந்து செய்த வேலை.

அப்புறம், அதன் விசிறி அமெரிக்க எஞ்சின்களுக்கு எதிர்ப்பக்கம் சுழலும். விசிறி சுழலும் பக்கத்தைப் பொறுத்து விமானம் ஒரு பக்கம் இழுக்கும், அதைக் கால் மிதியால் சரிசெய்ய வேண்டும். அங்கே பழகிய விமானி இதில் ஏறினால், பழக்கத்தில் தப்பான காலைத்தான் மிதிப்பார்.

கட்டுரையில் '26' என்ற எண்ணைச் சேர்த்துவிட்டேன். நன்றி.