கப்பலில் தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்வது? – கேள்வி பதில்

சரக்குக் கப்பல்களில் முப்பது வருடம் ஓடியவன் நான், கடைசிப் பத்து வருடம் கேப்டனாக. இப்போது தூத்துக்குடியில் வீட்டோடு இருக்கிறேன். கூட வேலை செய்பவர்களால் வரும் தொல்லை பற்றி வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: சார், நான் டெக் கேடட், அதாவது பயிற்சியில் இருக்கும் ஆபீசர். சீஃப் ஆபீசர் எல்லார் முன்னாலும் அம்மாவை இழுத்துத் திட்டுகிறார். வாட்ச் (என் முறை வேலை நேரம்) முடிந்த பிறகும் துரு சுரண்ட விடுகிறார். டிரெயினிங் புத்தகத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். பொறுத்துப் போகவா?

பதில்: வேண்டாம் தம்பி. "முடிச்சு தப்பு, அவிழ்த்துத் திரும்பப் போடு" என்று கத்தினால் அது வேலை. அதில் உன் அம்மா எங்கே வந்தார்?

ஒரு பாக்கெட் நோட்டு வைத்துக்கொள். "14ஆம் தேதி, இரவு 9.40, இரண்டாம் ஹேட்ச் பக்கம், சொன்ன வார்த்தை இது, போசன் பக்கத்தில் நின்றார்." இவ்வளவு போதும். அன்றன்றைக்கே எழுது, உன் கருத்தைச் சேர்க்காதே.

திட்டியதை நிரூபிப்பது கஷ்டம், தூக்கத்தைப் பறித்ததை நிரூபிப்பது அதைவிடச் சுலபம். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, 7 நாளில் 77 மணி ஓய்வு தர வேண்டும் என்பது சர்வதேச விதி. மாதக் கடைசியில் ஓய்வு நேரத் தாளை நீட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதே. துறைமுகத்தில் ஏறும் ஆய்வாளர் கேட்டு வாங்கிப் பார்க்கும் தாள் அது.

கேள்வி: தொல்லையே கேப்டன்தான் என்றால்?

பதில்: டிபிஏவுக்குப் போன் போடுங்கள். கம்பெனியின் உச்சியில் இருப்பவரிடம் நேராகப் பேசக்கூடிய கரை அதிகாரி அவர். மெஸ் ரூம் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள், பெயரும் நம்பரும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். 1987இல் பெல்ஜியத்தின் ஜீப்ரூகே துறைமுக வாசலில் ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற பயணிக் கப்பல், முன்கதவு திறந்தபடியே கிளம்பியதால் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். முன்கதவு மூடியதா என்று காட்டும் விளக்கு வேண்டும் எனக் கப்பலில் இருந்தவர்கள் முன்பே கேட்டதும், கரையில் தட்டிக்கழித்ததும் விசாரணையில் வெளியே வந்தன. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடுதான் டிபிஏ.

எம்எல்சி 2006 என்ற, கடலோடிகளின் வேலை உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கைப்படி, புகார் முறை பற்றிய தாள் காண்டிராக்டோடு கையில் தரப்பட வேண்டும். படிப்படியாக ஏறிப் போக வேண்டியதில்லை, நேராகக் கேப்டனிடமோ வெளி அதிகாரிகளிடமோ போகலாம். துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிப்போகலாம். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

கேள்வி: நான் பெண் கேடட். ஓர் ஆபீசர் இரவில் கேபின் கதவைத் தட்டுகிறார், மெசேஜ் அனுப்புகிறார். இன்னும் நான்கு மாதம்தான், இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளவா?

பதில்: இந்தியக் கம்பெனி, இந்தியக் கொடிக் கப்பல் என்றால் வேலை இடத்தில் பெண்களுக்கு வரும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக் கொடுக்கலாம். இறங்கிய பிறகு என்றால் கெடு போய்விடக்கூடும் அம்மா. மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். கதவைத் திறக்காதீர்கள். இன்றைக்கே கேப்டனுக்கும் டிபிஏவுக்கும் மெயில் போடுங்கள், மாஸ்டர் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்றும் அதிலேயே கேளுங்கள்.

கேள்வி: பூமத்திய ரேகை தாண்டும்போது மொட்டை அடித்து, கப்பல் சமையலறை அழுக்கைத் தலையில் ஊற்றினார்கள். இது வழக்கம்தானே?

பதில்: எனக்கும் ஊற்றினார்கள், நானும் சிரித்தேன். மாட்டேன் என்று சொன்னவனைப் பிடித்து இழுத்தால் அது விளையாட்டு இல்லை.

கேள்வி: முதல் தடவை கேப்டனாகப் போகிறேன். புகார் வந்தால் முதலில் என்ன செய்ய?

பதில்: நான் செய்ததைச் செய்யாதீர்கள். ஒரு மெஸ்மேன் பையன் என் கேபின் வாசலில் வந்து நின்றான், கையில் டீ டிரே. "சீஃப் குக் அடிக்கிறார் சார்." கப்பலைப் பெர்த்தில் கட்டும் அவசரம், "அடுத்த போர்ட்டில் பார்ப்போம்" என்றேன். அடுத்த போர்ட்டில் சைன் ஆஃப் கேட்டு இறங்கிவிட்டான். கடலுக்குத் திரும்பவே இல்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். உட்காரச் சொல்லுங்கள், அப்போதே எழுதுங்கள், அன்றைக்கே இருவரின் வேலை நேரத்தையும் பிரித்துவிடுங்கள். ஆனால் புகார் சொன்னவரை நகர்த்தாதீர்கள், அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் கப்பலில் ஃபிட்டர். மற்றவர்கள் எல்லாரும் ஒரே மொழிக்காரர்கள், இவரை ஒதுக்குகிறார்களாம். நேற்று "குதித்துவிடலாம் போல இருக்கிறது" என்றார்.

பதில்: தங்கச்சி, மீதியைப் பிறகு படி. முதலில் கம்பெனிக்குப் போன் பண்ணி, அவர் சொன்ன அதே வார்த்தையைச் சொல், அவரைத் தனியாக விடாதீர்கள் என்று கேள். டிபிஏ நம்பரையும் அவர்களிடமே வாங்கு. அப்புறம் கடலோடிகளுக்கான உதவி லைன் சீஃபேரர்ஹெல்ப்: இலவசம், 24 மணி நேரமும் உண்டு, குடும்பத்தாரும் பேசலாம். போன் எடுக்கவில்லை என்றால் எனக்கு எழுது, நான் கூப்பிடுகிறேன்.