கையெழுத்துப் போடும் முன்: கல்லூரி விதிகள், கேள்வி – பதில்

கல்லூரி ஒழுங்கு விதிகள், தேர்வு, புகார், உதவித்தொகை பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் பல வடசென்னையிலிருந்து வந்தவை. எழுதியவர்களின் பெயர்களையும் கல்லூரிகளின் பெயர்களையும் தவிர்த்துவிட்டோம்.

என் மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு. ரயிலில் ரூட் பையன்களுக்குள் (ஒரே தடத்தில் கும்பலாக வந்துபோகும் மாணவர்களுக்குள்) நடந்த சண்டையில் அவன் பெயரும் சேர்ந்துவிட்டது. கூட்டத்தில் நின்றதைத் தவிர எதுவும் செய்யவில்லை என்கிறான். கல்லூரியில் சஸ்பெண்ட் செய்துவிட்டு, "பெற்றோர் வந்து மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?
– ஒரு தாய், காசிமேடு

அவசரப்பட வேண்டாம் அம்மா. "நான் செய்த தவறுக்கு மன்னிக்கவும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அது குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆவணமாகிவிடும். பிறகு கல்லூரி விசாரணையிலும் காவல் நிலையத்திலும் அதையே எடுத்துக் காட்டுவார்கள். முதலில் மெமோவை, அதாவது குற்றச்சாட்டுக் குறிப்பை, எழுத்தில் கேளுங்கள். எந்த நாள், எந்த இடம், உங்கள் பையன் செய்ததாகச் சொல்வது என்ன, கல்லூரி விதிகளில் எது மீறப்பட்டது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன குற்றச்சாட்டுக்கு எழுத்தில் பதில் கொடுக்காதீர்கள்.

விசாரணை முடியும்வரை வகுப்புக்கு வராதே என்று நிறுத்தி வைப்பது தண்டனை ஆகாது. அதற்குக் கல்லூரிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தண்டனை என்று வந்தால், குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுத்து, நேரில் கேட்டு, காரணம் எழுதி உத்தரவிட வேண்டும். இதில் ஒரு படி விடுபட்டாலும் மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிற்பது கடினம்.

இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை, சாட்சியம் சேர்ப்பது. ரயில் நிலையத்திலும் கல்லூரி வாசலிலும் உள்ள கேமராப் பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்து, மேல் பதிவாகிவிடும். அதனால் குறிப்பிட்ட நாளையும் நேரத்தையும் எழுதி, அந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி முதல்வருக்கும் ரயில்வே பாதுகாப்புப் படைக்கும் இன்றே கடிதம் கொடுங்கள். அன்றைய வகுப்பு வருகைப் பதிவு, சீசன் டிக்கெட், அந்த நேரத்துச் செல்போன் அழைப்பு விவரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றே ஒப்புகை கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

விசாரணைக் குழு முன்னால் மகன் தான் கண்டதை மட்டும் சொல்லட்டும். நண்பனைக் காப்பாற்றப் பொய் சொன்னால் மற்றவர்களின் வாக்குமூலம் வரும்போது அவனே மாட்டிக்கொள்வான். ஒருவேளை அவன் உண்மையிலேயே கல் எறிந்திருந்தால், செய்ததை மட்டும், செய்த அளவுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பதே நல்லது. செய்யாததையும் சேர்த்து ஒரு பொதுக் கடிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. "டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள்" என்றால், "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று விண்ணப்பம் எழுதவே எழுதாதீர்கள். பிறகு எந்த மேல்முறையீட்டுக்கும் வழி இருக்காது.

உத்தரவில் நியாயம் இல்லையென்றால் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி அந்தக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பெர்சனுக்கு, அதாவது மாணவர் குறைகளின் மேல்முறையீட்டை விசாரிப்பவருக்கு, மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும்.

காவல்துறை வழக்கு இதிலிருந்து வேறு. முதல் தகவல் அறிக்கையில் மகன் பெயர் இருக்கிறதா என்பதைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுவது நல்லது: நம் பகுதியில் காவலர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். தமிழ்நாடு காவலர் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். வழக்கு இருந்ததை விண்ணப்பத்தில் மறைத்தால் அந்த மறைப்பே தனிக் காரணமாகி வேலை போகும். "ரூட் தல" (ரூட் கும்பலின் தலைவன்) என்ற பட்டம் மூன்று வருடத்தில் முடிந்துவிடும். வழக்கு அதற்குப் பிறகும் கூடவே வரும்.

இரவில் மணலி பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலை, பகலில் கல்லூரி. நடுவில் டெங்கு வந்து 12 நாள் படுத்துவிட்டேன். அட்டெண்டன்ஸ் 68 சதவீதம். ஹால் டிக்கெட் வருமா?
– ஒரு மாணவர், கொருக்குப்பேட்டை

வர வழி இருக்கிறது தம்பி. சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 75 சதவீதம் இருந்தால் தடையில்லை. 65 முதல் 74 வரை இருந்தால் காண்டோனேஷன் விண்ணப்பமும் (வருகைக் குறைவை மன்னிக்கக் கேட்பது) கட்டணமும் வேண்டும். 50-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். இடையில் உள்ளவர்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் விதி மாறுபடும். அதைக் கல்லூரிக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

கணக்கை நீங்களே போடுங்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 75 சதவீதத்துக்கு 68 நாள், 65 சதவீதத்துக்கு 59 நாள். உங்கள் 68 சதவீதம் என்பது ஏறக்குறைய 61 நாள். இன்னும் மூன்று நாள் போனாலே கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுவீர்கள். பல கல்லூரிகளில் முதல் பீரியட் வராவிட்டால் அரை நாள் போய்விடும். இரவு வேலை முடித்து வருபவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் அடி. தினமும் பத்து நிமிடத் தாமதம் ஒரு செமஸ்டரில் எவ்வளவு பெரிய ஓட்டை போடும் என்பது ஹால் டிக்கெட் வரும் நேரத்தில்தான் பலருக்குத் தெரிகிறது.

டெங்குவுக்கான மருத்துவச் சான்று மூன்று தாள்கள் சேர்ந்தது: ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, உடல்தகுதிச் சான்று. ஸ்டான்லியிலோ தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையிலோ பார்த்திருந்தால் இவை உங்களிடமே இருக்கும். கல்லூரிக்குத் திரும்பிய வாரத்திலேயே துறைத்தலைவரிடம் கொடுத்திருக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லையென்றால், தாமதத்தின் காரணத்தை எழுதி நாளையே கொடுங்கள். செமஸ்டர் கடைசியில் கிளினிக்கில் விலைக்கு வாங்கிய சான்றை அலுவலகத்தில் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அது பொய்ச் சான்று என்ற தனிக் குற்றம்.

அடுத்த செமஸ்டரிலிருந்து மாலை ஷிப்டுக்கு மாற முடியுமா என்று முதல்வரிடம் எழுதிக் கேளுங்கள். அதே பாடப்பிரிவு இரண்டு ஷிப்டிலும் இருந்து, இடமும் காலியாக இருந்தால் கேட்பதில் தவறில்லை.

ஆய்வகத்தில் ஒருவர் இரவில் தவறான மெசேஜ் அனுப்புகிறார். என் இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கிறது. புகார் கொடுத்தால் பெயர் வெளியே வருமா?
– ஒரு மாணவி, திருவொற்றியூர்

வரக் கூடாது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், புகார் கொடுப்பவர், சாட்சிகள், விசாரணை விவரம் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. புகாரைக் கல்லூரியின் உள்ளகப் புகார் குழுவுக்கு, அதாவது ஐ.சி.சி.க்கு, எழுத்தில் கொடுங்கள். அதன் தலைவர் பெண்ணாகத்தான் இருப்பார்.

கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். புகாரும் ஆதாரங்களும் ஆறு நகல்கள் கேட்பார்கள். ஸ்கிரீன்ஷாட்டில் எண், தேதி, நேரம் தெரிய வேண்டும். மெசேஜ்களை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கோபத்தில் பதில் எதுவும் அனுப்பாமலிருப்பது நல்லது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதையும் மறைக்காமல் சேர்த்துக் கொடுங்கள்.

மார்க் பற்றிய பயத்துக்கும் வழி இருக்கிறது. விசாரணை முடியும்வரை அவர் உங்கள் படிப்பு சார்ந்த எதையும் மேற்பார்வை செய்யக் கூடாது என்று குழு பரிந்துரைக்க முடியும். ஆனால் அதை நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டும். புகாரின் கடைசிப் பத்தியாக அதையே எழுதுங்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், நீங்கள் கேட்காமல் சமரசம் பேச யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்லுங்கள். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.

கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. சேர்ந்திருந்த தனியார் கல்லூரியில், மூன்று வருடக் கட்டணமும் கட்டினால்தான் ஒரிஜினல் சர்டிபிகேட் தருவோம் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், வியாசர்பாடி

கட்டாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிப்புப்படி, ஒரிஜினல்களைச் சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும். வைத்துக்கொள்ளவே கூடாது. கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் அதில் கணக்கு உண்டு. சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் முழுத்தொகை (5 சதவீதம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதை மட்டும் பிடிக்கலாம்). அதற்குப் பிறகு கடைசி நாள்வரை 90 சதவீதம். கடைசி நாள் கழிந்து 15 நாள்வரை 80, 30 நாள்வரை 50. அதன்பிறகு எதுவும் கிடையாது. அதனால் விலகல் கடிதத்தின் தேதிதான் பணம். "சார் ஊரில் இல்லை, திங்கட்கிழமை வாங்க" என்று இழுத்தடிப்பது பெரும்பாலும் இந்தத் தேதியைத் தள்ளத்தான். இன்றே மின்னஞ்சலிலும் தபாலிலும் அனுப்பிவிடுங்கள். தராவிட்டால் முதல் கேள்வியில் சொன்ன குறைதீர்ப்புக் குழு வழிதான். சான்றிதழைத் தர மறுப்பது அந்த விதிமுறையிலேயே குறை என்று சொல்லப்பட்டிருக்கிறது.

தோழிகளுக்கெல்லாம் புதுமைப் பெண் பணம் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எனக்கு மட்டும் வரவில்லை.
– ஒரு மாணவி, தண்டையார்பேட்டை

2022 செப்டம்பர் 5-ஆம் தேதி பாரதி மகளிர் கல்லூரியில்தான், நம் வடசென்னையிலேயே, இந்தத் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. பிறகு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளியில் படித்திருந்தால் அங்கே விண்ணப்பம் நின்றிருக்கலாம்.

தகுதி இருந்தும் வராததற்கு அடிக்கடி காரணமாக இருப்பது வங்கிக் கணக்கு. பணம் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கைத் தேடிப் போகாது. ஆதாருடன் கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அங்கே போய்விடும். பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த பழைய கணக்கில் போய் விழுந்திருக்கலாம். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கணக்கில் இரண்டு வருடமாக வரவு செலவு இல்லையென்றால் முடங்கியிருக்கும். கே.ஒய்.சி. கொடுத்துத் திறந்துவிட்டு, கல்லூரியில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியரிடம் நிலவரத்தைக் கேளுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் இனிஷியல் வேறுவேறாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ரயிலில் சீனியர்கள் பாடச் சொல்கிறார்கள், ஆடச் சொல்கிறார்கள். கல்லூரிக்கு வெளியே நடப்பதால் புகார் செல்லாது என்கிறார்களே?
– முதலாண்டு மாணவர், எண்ணூர்

செல்லும் தம்பி. 2009 ராகிங் தடுப்பு விதிமுறை, மாணவர்கள் படிக்க வந்துபோகும் எல்லா வாகனங்களுக்கும் பொருந்தும். பேருந்தோ ரயிலோ, அரசோ தனியாரோ, எதுவானாலும் அடங்கும். 1800-180-5522 என்ற எண் 24 மணி நேரமும் இயங்கும். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் வண்டி நேரம், எந்தப் பெட்டி, எந்த நிலையத்தில் ஏறினார்கள் என்பதையாவது சொல்லுங்கள். தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி ராகிங்கிற்கு இரண்டு வருடம் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகாரைக் கண்டுகொள்ளாத கல்லூரித் தலைமையும் அதற்கு உடந்தையாகக் கருதப்படும்.

இதனால் தூக்கம் கெட்டு, கல்லூரிக்கே போகப் பிடிக்காத நிலை வந்திருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

பார்வைக் குறைபாடு உள்ள தங்கைக்குத் தேர்வில் எழுத ஆள் வைக்கலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

வைக்கலாம். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்ற சான்று வேண்டும். ஒரு மணி நேரத் தேர்வுக்கு குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, ஆக மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம். நீங்களே ஆளை அழைத்து வந்தால் அவர் தங்கையைவிடக் குறைந்த படிப்பு படித்தவராக இருக்க வேண்டும். தேர்வுக் கட்டணம் கட்டும்போதே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். தேர்வன்று காலையில் போய்க் கேட்டால் ஆளும் கிடைக்காது, அனுமதியும் கிடைக்காது.