டாக்டர் கனவோடு அறிவியல் முகாமுக்குப் போன பையன் மனம் மாறி வந்தால்?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தையும், நீங்கள் படமெடுத்து அனுப்பிய தம்பியின் குறிப்பேட்டுப் பக்கங்களையும் படித்தேன். டாக்டராவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பையன், நான்கு வாரக் கோடை அறிவியல் முகாம் முடிந்து வந்ததும் “எனக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை” என்கிறான். பணத்தையும் கட்டிக் குழப்பத்தையும் வாங்கி வந்துவிட்டோமோ என்று கேட்கிறீர்கள். கூடவே ஒரு வரி: “ஒரு நாள் முழுக்க நூலில் குண்டைக் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தானாம். இதற்கா அனுப்பினோம்?”

அந்த நாளிலிருந்தே தொடங்குகிறேன். குறிப்பேட்டில் நான் அதிக நேரம் செலவிட்டது அந்தப் பக்கத்தில்தான்.

ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தை (கீழே விழும் பொருளின் வேகம் விநாடிக்கு எவ்வளவு கூடுகிறது என்பதை) கணக்கிடுவது பள்ளிக்கூடத்துப் பழைய சோதனை. விடை 9.8 என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அதனாலேயே 9.6 வந்தால் ‘கிட்டத்தட்ட சரி’ என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சிலர் 9.8 வருகிற மாதிரி அளவுகளையே திருத்திவிடுவதும் உண்டு. தம்பிக்கும் 9.6தான் வந்திருக்கிறது. அவன் விடவில்லை. முதலில் ஸ்டாப்வாட்சைச் சந்தேகப்பட்டிருக்கிறான். ஒரு மீட்டர் ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 விநாடி ஆகும். பட்டனை அழுத்துவதில் 0.2 விநாடி முன்பின் ஆனாலே பத்தில் ஒரு பங்கு பிழை. எனவே 20 அலைவுகளுக்குச் சேர்த்து நேரம் எடுத்து, 20ஆல் வகுத்தான். நேரத்தில் இருந்த பிழை அரை சதவீதத்துக்கு இறங்கியது. விடை மட்டும் 9.6ஐ விட்டு நகரவில்லை. ஆட்டும் கோணத்தைக் குறைத்துப் பார்த்தான், அப்போதும் அதே. மாலையில்தான் பிடிபட்டிருக்கிறது: நீளத்தைக் குண்டின் உச்சிவரை அளந்திருக்கிறான். அளக்க வேண்டியது குண்டின் மையம்வரை. குண்டின் ஆரம் 2 செ.மீ. மீட்டருக்கு 2 செ.மீ. விட்டுப்போனால் விடையும் 2 சதவீதம் குறையும். 9.8, 9.6 ஆகிவிடும்.

திரும்பத் திரும்ப அளந்தால் குறைகிற பிழை ஒன்று, எத்தனை முறை அளந்தாலும் அப்படியே நிற்கிற பிழை இன்னொன்று. இந்த வேறுபாட்டைப் பல மாணவர்கள் கல்லூரியில் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறார்கள். உங்கள் பையன் அதோடு ஒரு பகல் மல்லுக்கட்டியிருக்கிறான். யாரும் மதிப்பெண் போடாத இடத்தில், தானாக.

முகாமிலிருந்து வரும் மாணவர்களிடம் “எந்தப் பாடம் பிடித்தது?” என்று நான் கேட்பதில்லை. அந்த வயதில் பாடம் பிடிப்பது என்பதில் பாதி, சொல்லிக்கொடுத்தவரின் பேச்சும் கூட இருந்த நண்பர்களும்தான். எந்த வேலையின் அலுப்பைத் தாங்கிக்கொண்டாய் என்று கேட்பேன். ஆய்வகத்தில் அலுப்பில்லாத வேலை கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு வகை அலுப்பு மட்டும் உறுத்தாது. அது எது என்று தெரிந்தால் பாதி வழி தெரிந்த மாதிரி.

இதே கண்ணோடு நுண்ணுயிரியல் வாரத்தைப் பாருங்கள். ‘போர்’ என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறான். அதைப் பார்த்துத்தான் நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள். அந்த வாரத்தில் நடந்தது இதுதான்: பாக்டீரியா கலந்த நீரைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, பெட்ரி தட்டுகளில் பரப்பி, 37 டிகிரி இன்குபேட்டரில் ஓர் இரவு வைத்து, மறுநாள் காலனிகளை, அதாவது பாக்டீரியா பெருகித் தட்டில் உண்டாக்கும் புள்ளிகளை, எண்ணுவது. 30க்கும் 300க்கும் இடையில் காலனி உள்ள தட்டுகளைத்தான் பொதுவாகக் கணக்கில் எடுப்பார்கள். ஒரு மணி நேர வேலை, ஒரு நாள் காத்திருப்பு. இதில் எது போர் என்று அவனிடம் கேளுங்கள். காத்திருப்பதா, திரவத்தை அளந்து உறிஞ்சும் குழாயான பிப்பெட்டைப் பிடிப்பதா, அல்லது குழுவில் வேறொருவன் எல்லாவற்றையும் தானே செய்து இவனை வேடிக்கை பார்க்க வைத்தானா? மூன்றுக்கும் பொருள் வேறு வேறு.

எதுவானாலும், அது டாக்டர் வேலையைப் பற்றிய சாட்சியம் அல்ல. டாக்டரின் நாள் மனிதர்களோடு கழிவது. வலியில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்து விவரம் வாங்குவது, அரைகுறைத் தகவலை வைத்து முடிவெடுப்பது. முகாம் இவற்றில் ஒன்றையும் அவனுக்குக் காட்டவில்லை. ஆகவே மருத்துவம் அவனுக்கு ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது, ஒத்துவரும் என்றும் சொல்ல முடியாது. முதியோர் இல்லத்திலோ மறுவாழ்வு மையத்திலோ சில வாரம் தன்னார்வலராக இருந்தால், நான்கு ஆய்வகங்கள் சொல்லாததை அது சொல்லும்.

இரண்டையும் இணைக்கிற வேலைகளும் இருக்கின்றன. வீடுகளில் அவற்றின் பேச்சே வருவதில்லை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கருவி, சொன்ன அளவைத்தான் தருகிறதா என்று அளந்து சரிபார்ப்பவர் மருத்துவ இயற்பியலாளர். அங்கே 2 சதவீதத்தைக் ‘கிட்டத்தட்ட சரி’ என்று விட்டுவிட முடியாது. உயிரிமருத்துவப் பொறியியல், மருந்துச் சோதனைகளின் புள்ளியியல் ஆகியவையும் இந்தப் பக்கம்தான். அவனை இவற்றில் ஒன்றை நோக்கித் தள்ளச் சொல்லவில்லை. ஒரே ஒரு ஊசலை வைத்து ஆயுளை முடிவு செய்ய வேண்டாம். இப்போதைக்கு இயற்பியல், வேதியியல், உயிரியலோடு கணிதத்தையும் முடிந்தவரை விடாமல் வைத்திருக்கட்டும். நான்கில் ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் அது கணிதமாக இருக்க வேண்டாம் என்பது என் கட்சி. விட்ட பிறகு பிடிப்பதற்கு அதுதான் கடினம்.

உறவினர்கள் “இந்த வயதில் ஒரு முடிவுக்கு வர வேண்டாமா?” என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 1856இல் ஈஸ்டர் விடுமுறையில், 18 வயது வேதியியல் மாணவர் வில்லியம் பெர்கின் லண்டனில் தன் வீட்டு ஆய்வகத்தில் மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். வரவில்லை. மிஞ்சிய கறுப்புக் கசடை ஆல்கஹாலில் கரைத்தபோது ஊதா நிறம் வந்தது. செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்து கிளம்பியது. முடிவு செய்து தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. இதை உறவினர்களிடம் வேண்டுமானால் சொல்லுங்கள், தம்பியிடம் வேண்டாம். ‘அவர் 18 வயதில் சாதித்தார், நீ?’ என்று அவன் காதில் விழுந்தால் காரியம் கெட்டுவிடும்.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவது உங்கள் விருப்பம். அதைவிட, ஊசல் நாளைப் பற்றி அவனே ஒரு பக்கம் எழுதி வைப்பது பின்னால் விண்ணப்பக் கட்டுரைக்கும் நேர்காணலுக்கும் உதவும். அந்தப் பக்கத்தை வழிகாட்டிய ஆசிரியருக்கு நன்றிக் கடிதத்தோடு இந்த மாதமே அனுப்பட்டும். பரிந்துரைக் கடிதம் தேவைப்படும்போது அவருக்கு இவன் முகம் நினைவிருக்கும். வீட்டில் கை பரபரத்தால், ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்டிருக்கும் ஃபைஃபாக்ஸ் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளலாம். போனுக்குள் அசைவை உணரும் முடுக்கமானியையும் மைக்கையும் அது அளவுக் கருவியாக்கிவிடும்.

அடுத்த கோடைக்கு இப்போதே இன்னொரு முகாமில் இடம் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரம் இல்லை. போவதானால், வாரத்துக்கு ஒரு துறை என்று சுற்றிக்காட்டும் முகாம் இனி வேண்டாம். ஒரே கேள்வியை முழுக் காலமும் துரத்தவிடும் இடமாகத் தேடுங்கள். முன்பு அங்கே படித்த மாணவர்கள் எழுதிய அறிக்கைகள் இரண்டைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைக் கோட்டுப் படங்களை மட்டும் காட்டினால் பணம் கட்டாதீர்கள்.