துலிப், டாஃபடில் எல்லாம் குளிர் முடிந்ததும் அவ்வளவு சீக்கிரம் பூப்பது எப்படி?

இவை குமிழ்ச் செடிகள். குமிழ் என்பது வெங்காயம் மாதிரி, அடுக்கடுக்கான சதையில் உணவைச் சேமித்து மண்ணுக்குள் உறங்கும் தண்டுப் பகுதி. இலையுதிர் காலத்தின் கடைசியில் ஒரு துலிப் குமிழை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். நடுவில் குட்டியாக ஒரு பூ மொட்டு தெரியும்! முந்தின இரவே பெட்டி கட்டி வைத்தவர் விடிந்ததும் கிளம்புவது போலத்தான். சரி, உடனே ஏன் பூப்பதில்லை? துலிப்புக்குச் சுமார் 12 முதல் 16 வாரக் குளிர் வேண்டும். அதில்தான் உள்ளிருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, தண்டு நீளத் தயாராகிறது. குளிர் போதாவிட்டால் பூ குட்டையாக நிற்கும், அல்லது வரவே வராது.

பூ வாடியதும் இலையையும் வெட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அந்த இலைதான் சமைக்கிறது, தானாக மஞ்சளாகும்வரை விட்டுவிடுங்கள்.