கார் நிறுத்தத் தூண்களுக்கு 'பாஸ்' போதுமா?

கேள்வி: 1990களில் கட்டிய எங்கள் குடியிருப்பில் தரைத்தளம் முழுக்க கார் நிறுத்தம், மேலே நாலு மாடி. நிலநடுக்கம் தாங்குமா என்று ஈடாப்ஸ் மென்பொருளில் பார்த்த இன்ஜினியர், எல்லாத் தூணும் 'பாஸ்' என்கிறார். நம்பலாமா?
– வாசகர், மயூர் விஹார், டெல்லி

பதில்: அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். மேல்மாடிச் செங்கல் சுவர்களை மாடலில் எப்படிக் காட்டினார் என்று முதலில் கேளுங்கள். பலர் சுவரை வெறும் எடையாகத்தான் போடுகிறார்கள். அப்போது எல்லாத் தளமும் ஒரேபோல் அசைவதாகக் கணினி காட்டும். நிஜத்தில் சுவர்கள் மேல்மாடிகளைப் பெட்டிபோல் இறுக்கிவிட, அசைவு முழுக்கக் கீழ்த்தூண்களில் இறங்கும். 2001 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்திலும் இத்தகைய கட்டடங்கள் விழுந்தன. நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 1893 (2016) படி சுவரை இரு முனையும் கீலிட்ட (முனையில் சுழலக்கூடிய) மூலைவிட்டச் சட்டமாகப் போட வேண்டும். விரிசலைக் கணக்கில் கொள்ள, தூணின் நிலைமத் திருப்புத்திறனை (வளைவை எதிர்க்கும் குறுக்குவெட்டின் அளவை) 0.70 மடங்காகவும் உத்திரத்தினுடையதை 0.35 மடங்காகவும் குறைக்க வேண்டும்.

அடுத்தது கம்பி. பழைய வரைபடத்தில் உள்ளதை அப்படியே கணினியில் ஏற்றக் கூடாது. தூண்களின் மேல், கீழ் முனைகளில் ஸ்கேனர் வைத்து, நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியின் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். ஓரிரு இடத்தில் பூச்சையும் மேல் கான்கிரீட்டையும் கொத்தி, வளையத்தின் முனையில் மடித்த கொக்கியைப் பாருங்கள். கம்பி அமைப்புக்கான இன்றைய விதிநூல் ஐ.எஸ். 13920 தூண் முனைகளில் 100 மி.மீ.க்கு மிகாத இடைவெளியும் 135 டிகிரி கொக்கியும் கேட்கிறது. 90 டிகிரியில் மடித்த கொக்கி, மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் விரிந்துவிடும். நெடுக்குக் கம்பி பிதுங்கும். கான்கிரீட் வலிமையையும் கோர் (துளைத்தெடுக்கும் உருளை மாதிரி) எடுத்துச் சோதித்தே போட வேண்டும்.

இதெல்லாம் கிடைத்த பிறகு புஷ்ஓவர் ஆய்வு: முதலில் கட்டடத்தின் எடை, பிறகு பக்கவாட்டு விசையைப் படிப்படியாகக் கூட்டுவது. பி-டெல்டா விளைவு (கட்டடம் சாய்ந்ததும் அதன் எடையே மேலும் சாய்ப்பது) சேர்ந்திருக்க வேண்டும். இங்கே நடக்கும் பெரிய தவறு, தூண் வளைந்து பழுதாவதைக் காட்டும் வளைவுக் கீல்களை மட்டும் மாடலில் வைத்து, வெட்டு விசையில் முறிவதைக் காட்டும் வெட்டுக் கீலை விட்டுவிடுவது. குறுக்கே பிளந்து முறியக்கூடிய தூண், கணினியில் பதமாக வளைந்து கொடுக்கும். அறிக்கையில் மாடிவாரி அசைவு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அசைவு அநேகமாக முழுவதும் தரைத்தளத்தில் குவிந்திருந்தால், கார் நிற்காத சில இடைவெளிகளில் அஸ்திவாரத்திலிருந்து கான்கிரீட் சுவர் எழுப்புவது நல்ல வழி. அஸ்திவாரம் அதைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி: யமுனைக் கரை மண்ணின் ஆபத்தை இதே மென்பொருள் சொல்லுமா?
– அதே வாசகர்

பதில்: சொல்லாது. 15 மீட்டர் உயரம், 12 மீட்டர் அகலம் என்றால் அலைவு நேரம் (ஒருமுறை ஆடித் திரும்பும் நேரம்) சுமார் 0.39 விநாடி. அந்த நேரத்துக்கு விதிநூலின் மூன்று மண் வகைக்கும் நிலநடுக்க விசையைக் கணிக்கும் கெழு ஒரே 2.5தான்; அதனால் மண் மாறினாலும் அந்தக் கெழு மாறாது. நிலநடுக்கத்தில் மணல் குழம்பாகுமா என்பதை, துளையிட்டு எடுக்கும் எஸ்.பி.டி. எண்ணையும் (குழாயை மண்ணில் இறக்கத் தேவைப்படும் அடிகளின் எண்ணிக்கை) நிலத்தடி நீர்மட்டத்தையும் வைத்துத் தனியே கணக்கிட வேண்டும்.